சீட்டில் வந்த பெயர்

வாயில் ஐந்தாறு குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு, தரையில் முட்டி போட்டு, ஸ்டூல் மேல் நின்ற ஒரு சிறுமியின் நீலப் பாவாடைக்கு விளிம்பு மடித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பேச்சு கலியோப்பியின் காதில் விழுந்தது.

மார்ச் இருபத்தைந்தாம் தேதிச் சுதந்திர தின அணிவகுப்புக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. ஊரிலுள்ள பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் நீலமும் வெள்ளையும் உடுத்திக் கடற்கரைச் சாலையில் நடக்கிற நாள். கலியோப்பியின் தையல் கடையில் நிற்க இடமில்லாமல் போகிற சமயமும் அதுதான். சதுக்கத்துக்குப் பின்தெருவில் ஒற்றை அறைக் கடை. ஒரு மெஷின், ஒரு நிலைக்கண்ணாடி, உடை மாற்றுவதற்கு மூலையில் ஒரு திரை. ஸ்டூல் மேல் நின்ற சிறுமியின் தாய் ரூலா அந்தத் திரைக்குப் பின்னால் தன் உடுப்பைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூட ஒரு தோழி. திரை சுவரல்ல என்பதை அவர்கள் மறந்துவிட்டார்கள், அல்லது மறக்கவில்லை.

"இந்தத் தடவை கொடி யாருக்கு விழுந்திருக்குன்னு தெரியுமில்ல?" என்றது தோழியின் குரல்.

"தெரியாம என்ன. கொடிக்குப் பின்னாடி அஞ்சு பிள்ளைங்க காவலா வரணும். இவளுக்குப் பின்னாடி மறைஞ்சிருக்கிற அந்த அஞ்சு பேரையும் தேடித்தான் பிடிக்கணும்."

"மெதுவா பேசுடி."

"நான் என்ன இல்லாததையா சொல்லிட்டேன்? அவங்க வீட்டுல கண்ணாடியே கிடையாதா?"

இரண்டு பேரும் மூக்கால் சிரித்தார்கள். ஸ்டூல் மேல் நின்ற பெண் குனிந்து கலியோப்பியைப் பார்த்தாள். பதினோரு வயது. கலியோப்பியின் மகள் மிர்ஸினியின் வகுப்புத்தான். எல்லாம் புரிந்த பார்வை அது. அந்தக் குழந்தையின் கண்ணில் இருந்த பரிதாபத்தைத் தாங்க முடியாமல் கலியோப்பி ஒரு காரியம் செய்தாள். குண்டூசிகள் கவ்விய வாயோடு புன்னகைத்தாள். நல்ல வேடிக்கையைக் கேட்டவள்போல, தனக்கும் அதில் பங்கு உண்டு என்பதுபோல. ரூலா திரையை விலக்கிக்கொண்டு வந்து, "உன் கை கைதான் கலியோப்பி, அப்படியே உடம்புல உட்காருது," என்றபோதும் அந்தப் புன்னகை முகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர்கள் போன பிறகு வாயிலிருந்து ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். கீழுதட்டின் உள்பக்கம் ஒன்று குத்தியிருந்தது.

ஆறாம் வகுப்பில் கொடி பிடிப்பவரைச் சீட்டுப் போட்டுத்தான் எடுப்பார்கள். மதிப்பெண் பார்ப்பதில்லை, உயரம் பார்ப்பதில்லை. தலைமையாசிரியர் லாம்ப்ரு ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் கை விட்டு எடுத்த முதல் சீட்டில் மிர்ஸினியின் பெயர் இருந்தது. அன்று மத்தியானம் அவள் பள்ளியிலிருந்து கடை வரைக்கும் ஓடியே வந்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து மூச்சு வாங்கி நின்றாள். முகம் தக்காளியாகச் சிவந்து, மேலுதட்டில் வியர்வை அரும்பி, "கொடி... கொடி..." என்றாள். கலியோப்பி அவளை அணைத்துக்கொண்டாள். சந்தோஷம் வந்தது என்பது பொய்யில்லை. ஆனால் அதன் கூடவே இன்னொன்றும் வந்தது. முன்னால் தனியாக, இரண்டு பக்கமும் ஜனம் நிற்க, இந்த உடம்போடு இவள் நடந்து வருகிற காட்சி கண் முன்னால் வந்து, மகளின் முதுகில் இருந்த கை சற்றே தளர்ந்தது.

மிர்ஸினி எழுபத்தோரு கிலோ. ஆயத்த நீலப் பாவாடைகளில் பெரிய அளவும் அவளுக்கு இடுப்பில் ஏறவில்லை. கலியோப்பி துணி எடுத்துத் தானே தைத்தாள். தைத்த நாளிலிருந்து மிர்ஸினி வீட்டு நடையில் விளக்குமாற்றைத் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, முழங்கையை இப்படி வைக்க வேண்டும், தாடையை இப்படித் தூக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போய் வந்துகொண்டிருந்தாள். பத்துத் தடவை போய் வந்தால் உட்கார்ந்துவிடுவாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எழுந்து நடப்பாள்.

ரூலா வந்துபோன மறுநாள் காலை, கலியோப்பி கடைக் கதவில் 'பத்து நிமிடத்தில் வருகிறேன்' என்ற அட்டையைத் தொங்கவிட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள். என்ன சொல்லப்போகிறோம் என்று யோசித்து வைத்துக்கொண்டு போகவில்லை. மகள் கூச்சப்படுகிறாள் என்று ஏதாவது சொல்லலாம் என்றிருந்தாள். லாம்ப்ரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உங்க பொண்ணு பள்ளிக்கூடம் முழுக்கக் கொடியைப் பத்தியே பேசிக்கிட்டிருக்கா, நாங்க எல்லாரும் பயிற்சியை முடிச்ச மாதிரி ஆயிடுச்சு," என்று சிரித்தார். கூச்சம் என்ற பேச்சுக்கு இனி இடமில்லை. அப்போது அவள் வாயிலிருந்து அது தானாக வந்தது.

"அவளால முடியாது சார். அவளுக்கு இதயத்துல ஒரு பிரச்சினை இருக்கு."

லாம்ப்ருவின் முகம் மாறிவிட்டது. "எங்களுக்குத் தெரியாதே."

"இப்பதான் தெரிஞ்சுது. பெரிசா ஒண்ணுமில்ல. ஆனா நிக்கறது, நடக்கறது... கொடி கனமில்லையா."

அவர் நல்ல மனிதர். ஒரு கேள்வி கேட்கவில்லை. ஓடியாடுகிற வகுப்புக்கும் இனிமேல் அவளை அனுப்புவதில்லை என்றார். டாக்டர் கையெழுத்திட்ட காகிதம் ஒன்று மட்டும் கோப்பில் வைக்க வேண்டும், வசதிப்படும்போது கொண்டு வாருங்கள் என்றார். வாசல் வரைக்கும் கூட வந்து, "தைரியமா இருங்க," என்று கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையின் சூடு தெருமுனை வரை அவளோடு வந்தது. குழந்தையை ஊர்வாயிலிருந்து காப்பாற்றிவிட்டேன் என்று சொல்லிக்கொண்டாள். கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் அதைப் பத்து முறை சொல்ல வேண்டியிருந்தது.

அன்று மிர்ஸினி ஓடி வரவில்லை. மெதுவாக வந்து, மெஷினுக்குப் பின்னால் தான் வழக்கமாக உட்கார்கிற தாழ்ந்த நாற்காலியில் பையோடு உட்கார்ந்தாள்.

"லாம்ப்ரு சார் கூப்பிட்டாரு," என்றாள். "எனக்கு இதயத்துல ஏதோ இருக்காமே. உனக்குத் தெரியுமாம்."

கலியோப்பியின் கால் மெஷின் மிதியிலேயே நின்றது.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ பயப்படுவேன்னுதான். சும்மா ஒரு சந்தேகம். டாக்டரைப் பார்த்தா சரியாயிடும்."

"மறுபடி சீட்டுப் போட்டாங்க. ஆர்கிரிஸுக்கு விழுந்துச்சு." அவள் தன் சட்டையின் இடது பக்கத்தில் கையை வைத்துக்கொண்டாள். "இங்கதானே இருக்கும்? வேகமா அடிக்குதுமா."

கலியோப்பி எழுந்து, அலமாரியில் எப்போதும் இருக்கிற கிரீம் வைத்த ரொட்டிப் பொட்டலம் ஒன்றைப் பிரித்து அவள் கையில் கொடுத்தாள். வேறு என்ன செய்வது என்று தெரியாதபோதெல்லாம் அவள் செய்வது அதைத்தான்.

சாயங்காலம் கலியோப்பியின் கணவன் திமியோஸ் ஆரஞ்சு ஏற்றும் லாரியை நிறுத்திவிட்டு வந்தான். மகளுக்குப் பால்கூழ் இனிப்பு ஒரு பெட்டி வாங்கி வந்திருந்தான். பெரிய ஆள். நாற்காலியில் உட்கார்ந்தால் நாற்காலி தெரியாது. மிர்ஸினியே அவனிடம் விஷயத்தைச் சொன்னாள். அவன் பெட்டியின் நூலை அவிழ்த்துக்கொண்டிருந்தவன் அப்படியே நிறுத்திவிட்டான். கலியோப்பியைப் பார்த்து, "எங்கப்பன் நாப்பத்தேழு வயசுல நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுப் போனான். லாரிக்குள்ளேயே," என்றான். அவளுக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் முதல் தடவை சொல்கிறவன்போலச் சொன்னான். அப்போது உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம் போதும். அவள் அடுப்பைத் திறந்து பார்க்கப் போய்விட்டாள்.

காகிதம் வேண்டும் என்பதற்காகத்தான் அவள் மகளைச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனாள். ஏதோ ஒரு டாக்டர், ஏதோ ஒரு வரி எழுதித் தந்துவிடுவார் என்ற எண்ணம். புதிதாக வந்திருந்த டாக்டர் எவ்ரிதிகிக்கு முப்பது வயதுகூட இருக்காது. இரத்த அழுத்தம் பார்க்கக் குழந்தைகளுக்கான பட்டையை எடுத்து மிர்ஸினியின் கையில் சுற்றினாள். பட்டையின் இரு முனையும் சேரவில்லை. ஒன்றும் சொல்லாமல் போய்ப் பெரியவர்களுக்கான பட்டையைக் கொண்டுவந்தாள். பார்த்தாள். ஐந்து நிமிடம் சும்மா உட்காரவைத்து மறுபடி பார்த்தாள். மூன்றாவது தடவை பார்த்துவிட்டு எண்ணை எழுதிக்கொண்டாள். நூற்று நாற்பத்திரண்டு, தொண்ணூறு.

"கழுத்தைக் கொஞ்சம் காட்டு பார்க்கலாம்."

மிர்ஸினி தயங்கித் தலைமுடியை விலக்கினாள். பின்கழுத்தில் கரும்பட்டையாக ஒரு கோடு. தோல் அங்கே சற்றுத் தடித்து வெல்வெட்டுபோல இருந்தது.

"அது அழுக்கு," என்றாள் மிர்ஸினி அவசரமாக. "தேய்ச்சாலும் போகமாட்டேங்குது. அம்மா எலுமிச்சம்பழமும் சோடா உப்பும் போட்டுத் தேய்ப்பாங்க."

"அழுக்கில்ல கண்ணு. இரத்தத்துல சர்க்கரையைச் சமாளிக்க உடம்பு ரொம்பக் கஷ்டப்படுதுன்னா தோல்ல இப்படித் தெரியும். தேய்ச்சா வலிக்கத்தான் செய்யும்."

எத்தனை ஞாயிற்றுக்கிழமை. நாரை வைத்து, தோல் சிவக்கச் சிவக்க, 'இவ்வளவு பெரிய பொண்ணு, கழுத்தைக் கழுவத் தெரியல' என்று திட்டித் திட்டி. மிர்ஸினி பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாள். ஒரு தடவைகூட, போதும் என்று சொன்னதில்லை. கலியோப்பி தன் கைகளை மடியில் ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்துக்கொண்டாள்.

"என்ன சாப்பிடுறா?" என்றாள் டாக்டர்.

"வீட்டுச் சாப்பாடுதான். பயறு, காய்கறி, மீன்."

"கடையில ரொட்டி," என்றாள் மிர்ஸினி. கோள் சொல்கிற தொனி அதில் இல்லை. கணக்குப் பாடத்தில் விடை சொல்கிறவள்போலச் சொன்னாள். "கிரீம் வெச்சது. அம்மா எட்டு மணி வரைக்கும் தைப்பாங்க. நான் பேசிக்கிட்டே இருந்தா தையல் கோணலாயிடும். அதனால ரெண்டு, சில நாள் மூணு. அப்புறம் பெட்டி ஜூஸ்."

டாக்டர் அதை எழுதிக்கொண்டாள். கோபப்பட்டிருந்தால் கலியோப்பிக்கு எளிதாக இருந்திருக்கும். இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, கலமாத்தாவிலிருந்த பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, இதயத்தையும் கழுத்து நாளத்தையும் ஸ்கேன் பார்க்க நாள் வாங்கினாள். காகிதத்தைப் பற்றிக் கேட்கக் கலியோப்பிக்கு வாய் வரவில்லை.

கலமாத்தாவுக்குப் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். மிர்ஸினி ஜன்னலோரம் உட்கார்ந்து ஒலிவத் தோப்புகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள். பேசியே தீர்க்கிற பெண் அன்று மூன்றே கேள்விதான் கேட்டாள். வெட்டுவாங்களா. வலிக்குமா. அப்பாவோட அப்பா மாதிரியா. மூன்றுக்கும் கலியோப்பி இல்லை என்றாள். நான் கட்டிய பொய்க்குள் இந்தக் குழந்தை தனியாக உட்கார்ந்திருக்கிறது, அவள் பயப்படுகிற நோய் என் வாயில் பிறந்தது என்று நினைத்தாள். அதோடு ஒரு சின்ன நிம்மதியும் இருந்தது. ஸ்கேனில் எல்லாம் சுத்தமாக வரும். ஒன்றுமில்லை என்பார்கள். பயந்தது வீண் என்று இனிப்புக் கடைக்குப் போகலாம். அப்படியே எல்லாம் மறந்துபோகும்.

இருட்டிய அறையில் மிர்ஸினி மல்லாந்து படுத்திருந்தாள். ஸ்கேன் எடுப்பவர் மீசை வைத்த, பேச்சுக் குறைந்த ஆள். கழுத்தில் குளிர்ந்த களிம்பைத் தடவிக் கருவியை அழுத்தினார். திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு குழாய், இரண்டு கரை. அவர் ஒரு கரையின் மேல் இரண்டு புள்ளிகள் வைத்து அளந்தார். அழித்துவிட்டு மறுபடி அளந்தார்.

"வயசு பதினொண்ணுதானே?"

"பதினொண்ணரை," என்றாள் மிர்ஸினி, தலையை அசைக்காமல்.

அவர் தாளைத் திருப்பிப் பார்த்து மறுபடி திரையைப் பார்த்தார். ஒரு தையல்காரியான கலியோப்பிக்கு, ஒருவர் அளவை இரண்டாம் தடவை எடுத்தால் என்ன அர்த்தம் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நான்கு நாள் கழித்து எவ்ரிதிகி கூப்பிட்டனுப்பினாள். முடிவுகளை மேஜைமேல் விரித்து, மிர்ஸினியையும் பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொண்டாள். "இது இவ உடம்பு. இவளுக்கும் தெரியணும்," என்றாள்.

"இதயம் நல்லா அடிக்குது. அதுல குறையில்ல. ஆனா இரத்தக் குழாய் இருக்கில்ல, அதோட உள்சுவர் தடிச்சிருக்கு. இந்தத் தடிமனை நான் சாதாரணமா நாப்பது வயசு தாண்டினவங்ககிட்டதான் பார்ப்பேன். கொழுப்பும் அதிகமா இருக்கு. இப்பவே நோய்னு சொல்லமாட்டேன். நோய் வர்ற வழியில முதல் அடி." அவள் மிர்ஸினியைப் பார்த்துத் திரும்பினாள். "ஆனா உனக்குச் சின்ன வயசு. இந்த வயசுல சுவர் இன்னும் இளக்கமாத்தான் இருக்கும். பழையபடி ஆகலாம். மாத்திரை இப்போ வேண்டாம். சாப்பாட்டை மாத்தணும். ஆறு மாசம் கழிச்சு மறுபடி ஸ்கேன் பார்ப்போம். அப்புறம் தினமும் நடக்கணும். அதுதான் பெரிய மருந்து."

"நாப்பது வயசா?" என்றாள் மிர்ஸினி. "அம்மாவுக்கு நாப்பத்தொண்ணு."

கலியோப்பியின் காதில் பாதி விழவில்லை. நான் பொய்தானே சொன்னேன் என்று உள்ளே ஒன்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. யாரோ அந்தப் பொய்யைக் கேட்டு எடுத்துக்கொண்டுபோய் நிஜமாக்கி அனுப்பியதுபோல. பழக்கத்தால் இயங்குகிறவள்போல, வந்த காரியத்தைக் கேட்டாள்.

"அப்போ டாக்டர்... பள்ளிக்கூடத்துக்கு ஒரு காகிதம். இவ அணிவகுப்புல நடக்கக்கூடாதுன்னு."

எவ்ரிதிகி பேனாவைக் கீழே வைத்தாள். "ஏன் நடக்கக்கூடாது?"

"கொடி... கொடியை இவ தூக்கறதா இருந்துச்சு."

"தாராளமா தூக்கலாமே. நான் நடக்கச் சொல்றேன், நீங்க நடக்கக்கூடாதுன்னு எழுதச் சொல்றீங்க. யார் சொன்னது இவளால முடியாதுன்னு?"

"பள்ளிக்கூடத்துலதான் சொன்னாங்க," என்று மிர்ஸினி ஆரம்பித்தாள். "எனக்கு இதயத்துல பிரச்சினைன்னு..." அங்கேயே நின்றுவிட்டாள். தாயின் பக்கம் திரும்பினாள். விரல் விட்டு எண்ணுகிற மாதிரி அவள் முகத்தில் நாட்கள் ஓடுவது தெரிந்தது. முதலில் சொன்னது எப்போது, டாக்டரிடம் வந்தது எப்போது. "ஆனா நாம இங்க வந்ததே அதுக்கப்புறந்தானே?"

எவ்ரிதிகி எழுந்து ஜன்னலைச் சாத்தப் போனாள். சாத்துவதற்கு அது திறந்திருக்கவில்லை.

அன்றும் மறுநாளும் மிர்ஸினி பேசவில்லை. அழவில்லை, கதவை அடித்துச் சாத்தவில்லை. கேட்டதற்கு ஆமாம், இல்லை. கடையில் கலியோப்பி ஆப்பிளை நறுக்கி வைத்தால் தின்றாள், அவ்வளவுதான். திமியோஸுக்கு எல்லாவற்றையும் கலியோப்பியே சொன்னாள். "நீ சொல்லாம இருந்திருந்தா இதைக் கண்டுபிடிச்சிருக்கவும் மாட்டாங்க," என்றான் அவன். அவளைத் தேற்றத்தான் சொன்னான். அந்த ஆறுதலை எடுத்துக்கொள்ள அவளுக்குக் கை கூசியது.

மூன்றாம் நாள் காலை, பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று மிர்ஸினி சொன்னாள்: "லாம்ப்ரு சார்கிட்ட நீயே வந்து சொல்லணும்."

"இன்னைக்கே சொல்றேன் கண்ணு."

"அவர் ரூம்ல இல்ல. கிளாஸ்ல. எல்லார் முன்னாடியும். அவங்க எல்லாரும் எனக்கு இதயம் கெட்டுப்போச்சுன்னு நினைச்சுக்கிட்டிருக்காங்க. ஆர்கிரிஸ் அவனோட பென்சில் டப்பாவை எனக்குக் கொடுத்துட்டான், நான் செத்துப்போயிடுவேன்னு."

"இப்போ டாக்டரே சொல்லிட்டாங்களே கண்ணு, நிஜமாவே கொஞ்சம்..."

"அது வேற," என்றாள் மிர்ஸினி. "நீ சொன்னப்போ உனக்கு அது தெரியாது."

பத்தொன்பது பிள்ளைகள். ரூலாவின் மகள் இரண்டாம் வரிசையில் இருந்தாள். லாம்ப்ரு கரும்பலகைக்குப் பக்கத்தில் கைகளைப் பின்னால் கட்டி நின்றார். தனியறையில் சொன்னால் போதும் என்று அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கலியோப்பி முன்னால் வந்து நின்றதும் முதலில் அவள் கண்ணில் பட்டது பிள்ளைகளின் உடுப்புகள்தான். பாதி அவள் கை பட்டவை.

"மிர்ஸினியால கொடி பிடிக்க முடியாதுன்னு சார்கிட்ட நான்தான் சொன்னேன்," என்றாள். "அவளுக்கு இதயத்துல வியாதின்னு சொன்னேன். அது பொய். அவ கேட்கல, அவளுக்குத் தெரியவே தெரியாது. நானாச் சொன்னது."

"ஏன்?" என்றான் ஜன்னலோரத்தில் ஒரு பையன். வம்புக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான்.

அவளால் பொய் சொல்லியிருக்க முடியும். பழகிவிட்டிருந்தது. காப்பாற்றத்தான் என்று சொல்லலாம். ரூலாவின் மகள் தலையைக் குனிந்து மேஜையில் நகத்தால் கீறிக்கொண்டிருந்தாள். அவள் எதற்குப் பயப்படுகிறாள் என்பது கலியோப்பிக்குத் தெரிந்தது. ரூலாவின் பெயரை அவள் சொல்லவில்லை.

"எனக்கு வெட்கமா இருந்துச்சு," என்றாள். "மத்தவங்க பார்த்துச் சிரிப்பாங்கன்னு."

"நாங்க சிரிக்கலையே," என்றாள் ஒரு பெண்.

"நான் சிரிச்சேன்," என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல், உண்மையை ஒப்புக்கொள்கிற தொனியில். "கொஞ்சம்."

அப்போது ஆர்கிரிஸ் கையைத் தூக்கினான். ஒல்லியான பையன், காது இரண்டும் விடைத்திருக்கும். "சார், அப்போ கொடியை அவளே தூக்கட்டும். எனக்குக் கை நடுங்குது. ஆனா பென்சில் டப்பாவைத் திருப்பித் தருவாளா?"

வகுப்பு மொத்தமும் சிரித்தது. மிர்ஸினியும் சிரித்தாள், தோள் குலுங்க, பழையபடி. சிரித்துக்கொண்டே நிமிர்ந்தவள் தாயைப் பார்த்தாள். பார்த்ததும் சிரிப்பு நின்றுபோயிற்று.

மார்ச் இருபத்தைந்து காலை வெயில் அடித்தது. கடற்கரைச் சாலையின் இரு ஓரமும் ஊர் நின்றது. பேண்டு வாத்தியம் மருந்துக் கடைத் திருப்பத்தைத் தாண்டியதும் முதல் பள்ளியாக அவர்கள் வந்தார்கள். முன்னால் மிர்ஸினி. இடுப்பில் கட்டிய தோல் பட்டையில் கொடிக்கம்பின் அடி ஊன்றி, இரு கையாலும் பிடித்து, தாடையைத் தூக்கி நடந்தாள். பாவாடை தொடையில் மாட்டி மாட்டி மேலேறியது. இன்னும் இரண்டு விரல் அகலம் விட்டுத் தைத்திருக்கலாம். முகம் சிவந்து, முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. கலியோப்பிக்கு இரண்டு ஆள் தள்ளி நின்ற ஒரு இளைஞன் போனை உயர்த்திக்கொண்டு பக்கத்திலிருந்தவனிடம் ஏதோ சொன்னான். இருவரும் சிரித்தார்கள். அவள் பயந்தது நடக்காமல் போகவில்லை. மிர்ஸினிக்கும் அது கேட்டிருக்க வேண்டும். சரியாக அந்த இடத்தில் அவள் கண்ணிமை ஒருமுறை அடித்துக்கொண்டது. கால் மட்டும் தாளம் தப்பவில்லை. திமியோஸ் எல்லாரையும்விட உரக்கக் கை தட்டினான். கலியோப்பி அந்த இளைஞனிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று திரும்பினாள். எந்த முகத்தோடு சொல்வது என்று நினைத்துத் திரும்பிய மேனிக்கு நின்றாள். அதற்குள் கொடி கடந்து போய்விட்டது.

வீட்டில் அந்த நாளின் வழக்கப்படி மீன் வறுவலும் பூண்டு மசியலும். மிர்ஸினி மீனின் மொறுமொறுப்பான மேல்மாவைக் கத்தியால் உரித்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். அப்படிச் செய்யும்படி யாரும் சொல்லவில்லை. திமியோஸ் அதை எடுக்கக் கை நீட்டினான். மகள் பார்த்த பார்வையில் கையை இழுத்துக்கொண்டான்.

இப்போது தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குக் கலியோப்பி கடையைச் சாத்திவிடுகிறாள். எட்டு மணி வரை தைத்த வேலையெல்லாம் விடியற்காலைக்குப் போய்விட்டது. இருவரும் துறைமுகத்திலிருந்து கலங்கரை விளக்கம் வரை நடக்கிறார்கள். சேர்ந்து நடக்கிறார்கள் என்று சொல்ல முடியாது. மிர்ஸினி பத்தடி முன்னால் போவாள். கலியோப்பி எட்டிப் போட்டால் அவளும் எட்டிப் போடுவாள். மெதுவாக நடந்தால் அவளும் மெதுவாக நடப்பாள். பின்னால் வருகிற காலடியைக் காதால் அளந்துகொண்டு, அந்தப் பத்தடியைக் குறையவும் விடுவதில்லை, கூடவும் விடுவதில்லை. எதிரே வருகிறவர்கள் முதலில் மகளுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, பிறகு தாய்க்குச் சொல்வார்கள். செப்டம்பரில் மறுபடி ஸ்கேன். அந்தச் சுவர் இளகுமா, இளகாதா என்று டாக்டருக்கே அப்போதுதான் தெரியும்.

ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் காற்றே இல்லை. மீன்பிடிப் படகுகள் கட்டியிருக்கிற இடத்தைத் தாண்டியதும் சாலை சற்று மேடேறும். பாதி மேட்டில் மிர்ஸினி நின்றாள். மூச்சு வாங்குவது பின்னாலிருந்தே தெரிந்தது, முதுகு ஏறி ஏறி இறங்கியது. கலியோப்பியும் பத்தடி தள்ளி நின்றாள். கிட்டே போகலாமா என்று தெரியவில்லை. கடல் அசையாமல் கிடந்தது. மிர்ஸினி குளிர்ச்சட்டையின் ஜிப்பை இறக்கி, ஒரு கையை உருவி, மறு கையை உருவினாள். கழற்றியதைச் சுருட்டினாள். பிறகு திரும்பிப் பார்க்காமல், கண்ணை மேட்டின் உச்சியிலேயே வைத்துக்கொண்டு, அதைப் பின்பக்கமாக, தாயை நோக்கி நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.